கிணறு ஊறிய நேரம்

வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி டெரிக் குரூஸ் கொழும்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பினால் காலி வீதியும் அதற்கப்பால் ஒரு துண்டுக் கடலும் தெரியும். அவர் திரும்புவதில்லை. அவருடைய கொழும்பு கணினித் திரையில் இருந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். ஆள் நடமாட்டம் கிடையாது.

ஐம்பத்தாறு வயது. வீடு கொட்டாஞ்சேனையில். காலையில் புறக்கோட்டை வரை ஒரு பஸ், அங்கிருந்து வெள்ளவத்தைக்கு இன்னொன்று; மாலையில் அதே இரண்டும் திரும்பி. இருக்க இடம் கிடைத்தால் பம்பலப்பிட்டி வருவதற்குள் தூங்கிவிடுவார். கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே தூங்கவும் பழகியிருந்தார்.

இந்தத் தொழிலுக்கு அவர் நேர் வழியில் வந்தவரல்ல. பதினெட்டு வயதில் புதுக்கடையில் ஒரு நில அளவையாளரிடம் சேர்ந்து காணிப் படங்களை மைப்பேனாவால் பிரதி எடுத்தார். கோடு பிசகினால் சவர அலகால் சுரண்ட வேண்டும். அதிகம் சுரண்டினால் தாள் கிழியும், ஏச்சு விழும். பிறகு பதினொரு வருடம் கட்டார் நாட்டில், கழிவுநீர்க் குழாய்கள் போகும் வழிகளை வரைந்தார். முதுகுவலியோடு திரும்பி வந்தபோது கையால் வரைகிற வேலை ஊரில் இல்லாமல் போயிருந்தது. நாற்பத்தைந்து வயதில், மகள் வயதுப் பிள்ளைகளோடு வாங்குப் பலகையில் உட்கார்ந்து, கணினியில் வரைபடம் செய்யப் படித்தார். வகுப்பில் எல்லாரும் அவரை "சேர்" என்றார்கள். படிப்பிக்க வந்தவரும் முதல் நாள் அப்படித்தான் கூப்பிட்டார்.

அலுவலகம் நப்ரீஸுடையது. முப்பத்து மூன்று வயதுப் பொறியியலாளர். டெரிக்கை "அய்யே" என்று மூத்தவராக மதித்துக் கூப்பிடுவார், வேலையை மட்டும் இளைஞனுக்குக் கொடுப்பதுபோல் கொடுப்பார். அந்த வருடம் அவருக்குக் கிடைத்தது புது மாதிரி வேலை. ஏதோ ஒரு குளிர்நாட்டு நிறுவனம், கொழும்பில் ஒரே ஒரு கட்டடத்துக்கு நிலவெப்ப இயந்திரம் பூட்டிக் கொடுக்க முன்வந்திருந்தது. அவர்கள் ஊரில் நிலத்துக்குள் ஆழமாகக் குழாய் இறக்கி, அங்கேயுள்ள சூட்டை மேலே எடுத்து வீட்டைச் சூடாக்குவார்கள். இங்கே அதையே மறுபக்கமாக ஓட்ட வேண்டும். அறையின் வெக்கையை உறிஞ்சிக் குழாய் வழியே மண்ணுக்குள் தள்ளிவிட வேண்டும். சாதாரண ஏசியைவிட மின்சாரம் குறைவு.

ஆனால் மண் என்பது கொட்டக் கொட்ட வாங்கிக்கொள்கிற பள்ளம் அல்ல. குளிர்நாட்டில் கோடையில் வாங்கிய சூட்டை நிலம் குளிர்காலத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். கொழும்பில் குளிர்காலம் ஏது? வருடம் பன்னிரண்டு மாதமும் சூட்டைத் தள்ளினால், இரண்டு மூன்று வருடத்தில் குழாயைச் சுற்றியுள்ள மண்ணே சூடேறி, இயந்திரம் வெறும் இரும்பாகிவிடும். நிலத்தடி நீர் நன்றாக ஓடும் இடத்தில் மட்டும் அது நடக்காது. ஓடும் தண்ணீர் சூட்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும். அப்படிப்பட்ட இடம் எது என்று வரைபடத்தில் கண்டுபிடிப்பதுதான் டெரிக்கின் வேலை. பாறை எத்தனை அடியில், மண் எந்த வகை, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில், துளையிடும் லொறி உள்ளே நுழையுமா என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு அடுக்காகச் செய்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நிறம் தானே வரும்.

பட்டியலில் பதினொரு கட்டடங்கள். பதினோராவதைச் சேர்த்தவர் டெரிக். சேர்க்க வைத்தவர் மாக்ரெட்.

மாக்ரெட் அவருடைய அக்கா. கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக் கிரேன்கள் தெரிகிற தூரத்தில், ஆறுதல் மாதா இல்லத்தின் பொறுப்பாளர். படுத்த படுக்கையான பெண்கள் பதினெட்டுப் பேர் அங்கே மேல்மாடி மண்டபத்தில் இருந்தார்கள். மேலே தகரம், அதற்குக் கீழே பலகை. பங்குனி, சித்திரையில் பகல் இரண்டு மணிக்குச் சுவரில் கை வைத்தால் அடுப்படிச் சுவர் மாதிரிச் சுடும். போன வருடம் அந்த வெக்கையில் ஒரே வாரத்தில் இரண்டு பேர் போனார்கள். மரணச் சான்றிதழில் வைத்தியர் வேறு காரணம் எழுதியிருந்தார். மாக்ரெட் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, கோப்பில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அவர் தம்பியைப் பிடித்துக்கொண்டது.

"ஊருலகத்துக்கெல்லாம் மெப் போடுறியே, உன்ட அக்காட கூரை மட்டும் அதுல விழாதா?"

"நான் பாக்கிறது கூரையை இல்ல அக்கா, நிலத்துக்குக் கீழ."

"கீழயும் எங்கடதுதான். யாரும் இன்னும் வந்து எடுக்கல்ல."

பட்டியலில் சேர்ப்பது சுலபம். பச்சையாக வருவதுதான் கஷ்டம். பொரளையில் ஒரு சிறிய மருத்துவ நிலையம் இருந்தது. அதன் குறுகிய ஒழுங்கைக்குள் லொறி நுழையாது. கொலன்னாவையில் ஒரு பாடசாலை. எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்தில் துளை போடலாமா என்று கேட்கவே நப்ரீஸுக்குப் பயம். ஆறுதல் மாதா இல்லத்தில் இடம் தாராளம், ஆனால் தண்ணீர் ஓட்டத்தைச் சொல்ல ஒரு இலக்கமும் இல்லை. அந்தப் பக்கம் யாரும் ஆய்வுத் துளை போட்டதில்லை. அந்த அடுக்கில் இல்லத்தின் இடம் வெறும் சாம்பல் நிறமாகக் கிடந்தது.

சாம்பலைப் பச்சையாக்கியது ஒஸ்வால்ட்டின் கலண்டர்.

ஒஸ்வால்ட் இல்லத்தின் காவலாளி, தோட்டக்காரர், மின்சாரக்காரர் எல்லாம். இல்லத்து வளவில், மதிலோரமாக, ஒரு கிணறு உண்டு. தவக்காலத்தில், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின புதன்கிழமை, அந்தக் கிணற்றை அடி காணும்வரை இறைத்துச் சேறு வாருவார்கள். ஈஸ்டருக்கு முன் பாஸ்கா இரவில் கோவிலில் மந்திரிக்கும் தண்ணீர் அந்தக் கிணற்றிலிருந்துதான் போகும். பழைய தண்ணீர் போகக்கூடாது என்பது வழக்கம். இறைத்து முடிந்ததிலிருந்து தண்ணீர், கிணற்றுக்குள் இறக்கிய சிமெந்து வளையங்களில் அடியிலிருந்து மூன்றாவது வரை ஏற எத்தனை மணித்தியாலம் பிடித்தது என்பதை ஒஸ்வால்ட் ஒவ்வொரு வருடமும் கலண்டரின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருந்தார். ஏன் எழுதினார் என்று கேட்டால், "எழுதாட்டி மேடம் நான் எறைக்கல்ல எண்டு சொல்லுவா" என்றார்.

ஆறு வருடக் கணக்கு. ஐந்து மணி, ஐந்தரை, ஐந்து, நாலே முக்கால், ஐந்து, ஐந்து. எல்லாம் ஒரே மாதத்தில், ஒரே கிணற்றில், ஒரே கையால் எடுத்தது. வெறுங்கிணறு இவ்வளவு சீக்கிரம் நிறைய, நிலத்தடி நீர் நன்றாக ஓட வேண்டும். நில ஆய்வுக்காரர் காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலையை ஒஸ்வால்ட் ஏச்சுக்குப் பயந்து செய்திருந்தார். டெரிக் அந்த இலக்கங்களை ஏற்றினார். இல்லத்தின் இடம் பச்சையானது. வெறும் பச்சையல்ல, பதினொன்றில் முதலாவது.

"அய்யே, ஒங்கட கிணறு சுப்பர்!" என்றார் நப்ரீஸ். "மொதல் அறிக்கைய இண்டைக்கே அனுப்புறேன். முடிவான அறிக்கை வார வெள்ளிக்கெழம. அதுக்குள்ள ஒண்ணும் மாத்த வேணாம்."

மாக்ரெட் ஒரு சட்டி நிறைய கட்லட் செய்து அனுப்பினார். மேல்மாடியில் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது என்றும் சொல்லி அனுப்பினார்.

அந்தப் புதன்கிழமை டெரிக் லீவு போட்டார். கிணறு இறைப்பதைத் தானும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று தோன்றியது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அறிக்கையில் "நேரில் பார்க்கப்பட்டது" என்று ஒரு கட்டம் இருந்தது. மற்றப் பத்து இடங்களுக்கும் அதில் அடையாளம் போட்டிருந்தார். அக்காவின் இடத்துக்கு மட்டும் போடாமல் விட்டால் பார்ப்பவர்கள் ஏதாவது நினைப்பார்கள்.

காலையில் மோட்டார் பூட்டி இறைத்தார்கள். ஒன்பது மணிக்கு ஒஸ்வால்ட் கயிற்றில் இறங்கிச் சேறு வாரி, இரண்டு வாளி, ஒரு மூக்குக் கண்ணாடி, ஒற்றைச் செருப்பு எல்லாம் மேலே அனுப்பிவிட்டு ஏறி வந்தார். டெரிக் கிணற்றடியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு, நாடாவின் நுனியில் கல் கட்டி, அரை மணிக்கொரு தடவை உள்ளே விட்டு அளந்தார்.

பன்னிரண்டு மணிக்கு முதல் வளையத்தின் கால்வாசி நனைந்திருந்தது.

மாக்ரெட் பிளேன்டீ கொண்டுவந்தார். "என்னடா, பிரேதத்துக்குக் காவல் இருக்கிற மாதிரி இருக்கிறாய்? இந்தா குடி." பிறகு ஒஸ்வால்ட்டைப் பார்த்து, "ஒண்டு சொல்லோணும் ஒஸ்வால்ட், இந்த வருசம் நீங்க திருந்திட்டீங்க. தண்ணியில பிளீச்சிங் மணமே இல்ல. முந்தியெல்லாம் சோறு ஆஸ்பத்திரி மாதிரி மணக்கும்."

"மேடம், ஆறு வருசமா சொல்றன். நான் போடுறது ஒரு பால்மாப் பேணி தூள். வருசத்துக்கு ஒருக்கா."

"ஒரு பேணிக்கு வருசம் முழுக்க மணக்குமா? உங்கட கை கனம்."

"மாதாவறிய ஒரு பேணி!"

டெரிக்கும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டிருக்கிறார். ஒஸ்வால்ட்டின் கையைக் குறை சொல்லிச் சிரித்தும் இருக்கிறார். தேநீரைக் கீழே வைத்தார்.

"அக்கா, எப்ப இருந்து மணமில்ல?"

"மார்கழியில, நத்தாருக்கு முன்னுக்கே. றோட்டைக் கிண்டிப் புதுக் குழாய் போட்டாங்களே, இந்த மதிலோட? தூசியில நாங்க செத்துப் போனம். அதுக்குப் பிறகு மணமில்ல. ஏன்?"

டெரிக் மதிலைப் பார்த்தார். மதிலுக்கு அந்தப் பக்கம், பன்னிரண்டு அடிகூட இராது, புதிதாகப் போட்ட தார் கறுப்பாக ஒரு பட்டை போட்டுக் கிடந்தது. கட்டாரில் பதினொரு வருடம் குழாய்களோடு கிடந்தவருக்கு அதற்கு மேல் ஒருவரும் சொல்லத் தேவையில்லை. அந்தத் தெருவின் பழைய குழாய் எத்தனையோ வருடமாக நிலத்துக்குள் ஒழுகியிருக்கிறது. குளோரின் கலந்த குடிதண்ணீர் இரவு பகலாகக் கசிந்து கிணற்றுக்கு வந்திருக்கிறது. ஒஸ்வால்ட்டின் கணக்கில் ஒரு நிமிடப் பிழையும் இல்லை. ஆறு வருடமும் ஐந்து மணியில் கிணறு நிறைந்தது உண்மை. நிறைத்தது நிலம் இல்லை.

குழாயை மாற்றியதும் அந்தக் கசிவும் நின்றுவிட்டது. மணமும் போய்விட்டது.

மாலை ஐந்து மணிக்கும் முதல் வளையம் முழுதாக மூடவில்லை. டெரிக் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். மாக்ரெட் கிணற்றுக் கட்டில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார். சொல்லி முடிந்ததும் ஒஸ்வால்ட்தான் தொண்டையைச் செருமினார்.

"டெரிக் தம்பி, இந்த வருசம் நான் கலண்டர்ல எழுதல்ல."

"ஏன் அண்ணன்?"

"பேனை எழுதுதில்ல."

அவருடைய சட்டைப் பையில் இரண்டு பேனைகள் இருந்தன.

"ஒஸ்வால்ட் சொல்றது சரி," என்றார் மாக்ரெட். "ஆறு வருசக் கணக்கு குடுத்தாச்சு. ஏழாவது கேட்டாங்களா?"

"கேக்கல்ல."

"பிறகென்ன?"

"அக்கா, மெஷின் பூட்டினா மேல இருக்கிற ஜன்னல் எல்லாத்தையும் கண்ணாடி போட்டு மூடணும். இல்லாட்டி குளிர் நிக்காது. பிறகு ரெண்டு மூண்டு வருசத்தில மண் சூடாகி மெஷின் நிண்டா, அந்தப் பொம்பிளையள் மூடின பெட்டிக்குள்ள கிடக்கணும். இப்ப இருக்கிற காத்தும் இல்ல."

"நிண்டா திறக்கிறது."

"பூட்டின கண்ணாடியத் திறக்க ஏலாது."

"உடைக்கிறது!" என்றார் மாக்ரெட். "என்னட்ட உலக்கை இருக்கு." சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

டெரிக் அவசரப்பட்டு ஒன்றும் முடிவெடுக்கவில்லை. தண்ணீர் மூன்றாம் வளையத்துக்கு வரும்போது மட்டும் போன் பண்ணச் சொல்லி ஒஸ்வால்ட்டிடம் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். வியாழக்கிழமை முழுவதும் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு வேறு வழி தேடினார். குழாயைக் கிடையாகப் போட்டால்? இடம் காணாது. இன்னும் ஆழம் போனால்? அறுபது அடியில் பாறை. துளையிடுகிற செலவுக்கு அந்த நிறுவனம் ஒத்துக்கொள்ளாது. அடுக்குகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். கலண்டரின் இலக்கம் இருக்கும்வரை பச்சை, எடுத்தால் இல்லை.

பின்னேரம் நாலு மணிக்கு ஒஸ்வால்ட் போன் எடுத்தார். "இப்பத்தான் தம்பி. மூணாம் வளையம்." கொஞ்சம் நிறுத்தி, "பிழையாச் சொல்லட்டா?" என்று கேட்டார்.

"வேணாம் அண்ணன்."

முப்பத்தொரு மணித்தியாலம்.

வெள்ளிக்கிழமை காலையில் நப்ரீஸ் எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டார். ஜும்மாவுக்குப் போக வேண்டும், அதற்கு முன் அறிக்கை போக வேண்டும்.

"லீவு எண்டுதானே சென்னீங்க? கிணறு பாக்கப் போறேன் எண்டு செல்லல்லயே."

"சொல்லல்ல."

"போகாம ஈந்தா இந்தப் பேச்சே இல்ல."

"ஓம்."

"போனதுதான் பிழை, அய்யே."

"ஓம், போனதுதான் பிழை," என்றார் டெரிக். வாதாட அவருக்குத் தென்பு இருக்கவில்லை.

நப்ரீஸ் கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தார். "செல்லுங்க, இதை அனுப்பினா அவங்களுக்குத் தெரிய வருமா?"

"ரெண்டு வருசத்துக்கு வராது."

"பொறகு?"

"பிறகு மெஷினைத்தான் குறை சொல்லுவாங்க. எங்கள ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

நப்ரீஸ் திரையையும் டெரிக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப ஏன் அய்யே எனக்குச் சென்னீங்க? நீங்களே வச்சிக்கிட்டு ஈந்திருக்கலாமே. இப்ப எனக்கும் தெரியும்." கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னார். பிறகு கையை விரித்தார். "மாத்துங்க. மாத்திப் போட்டுக் காட்டுங்க."

ஐந்தை அழித்து முப்பத்தொன்று என்று தட்டினார் டெரிக். சவர அலகும் வேண்டாம், தாளும் கிழியாது. திரை ஒரு கணம் வெளுத்து மறுபடி வந்தபோது ஆறுதல் மாதா இல்லம் எட்டாவது இடத்தில் இருந்தது. மஞ்சள், ஓரத்தில் சிவப்பு. முதலாவதாக வந்தது வெள்ளவத்தையில், கால்வாய்க்குப் பக்கத்தில், மணல் மேல் நின்ற ஒரு கலியாண மண்டபம். அங்கே ஏற்கனவே ஏசி இருந்தது. மணவறையில் இருக்கிற பெண் பிள்ளை நடுங்குகிற அளவுக்கு இருந்தது.

"கலியாண ஹோல்!" நப்ரீஸ் சத்தமாகச் சிரித்தார், சந்தோஷமில்லாத சிரிப்பு. "பைலா ஆடுறவங்களுக்கு இனி வேர்க்காது. அல்ஹம்துலில்லாஹ்." அறிக்கையை அனுப்பிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்று பின்னேரம் டெரிக் நேரே இல்லத்துக்குப் போனார். போனில் சொல்லியிருக்கலாம், சொல்ல மனம் வரவில்லை. மாக்ரெட் மேலே இருப்பதாக ஒஸ்வால்ட் சொன்னார். படியேறி முடிக்குமுன்னே வெக்கை முகத்தில் அடித்தது.

மண்டபத்தில் கட்டில்களெல்லாம் நடுவுக்கு வந்திருந்தன. பதினெட்டும் ஒன்றோடொன்று நெருங்கி, ஜன்னல்களை விட்டு விலகி, சந்தையில் மூட்டைகள் அடுக்கிய மாதிரி இருந்தன. காலையில் கண்ணாடிக்காரர் ஜன்னல் அளக்க வந்திருந்தாராம். அவருக்கு இடம் விடத்தான் மாக்ரெட் எல்லாவற்றையும் தள்ள வைத்திருந்தார். தம்பி எதை அனுப்புவார் என்று தெரிந்துகொண்டே ஆளை வரவழைத்தாரா, அல்லது கடைசிவரை நம்பினாரா என்பதை டெரிக் கேட்கவில்லை.

மாக்ரெட் அவருடைய முகத்தைப் பார்த்தார். "மாத்திட்டாய்."

"ஓம்."

"எத்தனையாவது?"

"எட்டு."

"எட்டு," என்றார் மாக்ரெட். "இரண்டாவது எண்டாலும் மனம் ஆறும். எட்டு!" பிறகு, "எனக்குச் சொல்லாத. அவங்களுக்குச் சொல்லு. நான்தான் வருது வருது எண்டு சொன்னவ. வரல்ல எண்டு நீ சொல்லு."

டெரிக் திரும்பினார். பதினெட்டுத் தலையணைகள். சிலர் தூங்கினார்கள், சிலர் தூங்குவதுபோல் கிடந்தார்கள். கிட்ட இருந்த கட்டிலில் ஆறாயி விழித்திருந்தாள். ஹட்டன் பக்கத்தவள், கொழும்பு வீடுகளில் இருபது வருடம் சமைத்தவள். நாற்பத்தெட்டு வயதில் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது.

"மிசினு இங்க வராது," என்றார் டெரிக். "நிலத்துக்குக் கீழ தண்ணி காணாது. நான் முதல்ல பிழையாப் பாத்திட்டன்."

"அடுத்த வருசமாச்சும் வருங்களா?"

"தெரியாது."

ஆறாயி கூரையைப் பார்த்தாள். "அப்ப கட்டிலத் தள்ளிருங்கய்யா. ஜன்னல் பக்கமே போட்டுருங்க. இங்க நடுவுல மூச்சு முட்டுது."

டெரிக் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தார். இரும்புக் கட்டில், சக்கரங்களில் ஒன்று சுற்றவில்லை. இரண்டடி போவதற்குள் முதுகு இழுத்துப் பிடித்தது. அப்படியே குனிந்தபடி நின்றார்.

மாக்ரெட் பக்கத்தில் வந்தார். ஆறாயிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு வருசம் குளிர்ந்திருக்கும் எண்டுதானே சொன்னாய்?"

"ரெண்டு. சில நேரம் மூண்டு."

"இதுல எத்தனை பேருக்கு ரெண்டு வருசம் இருக்கு எண்டு உன்ட மெப்பில பாத்தியா?"

டெரிக் யோசித்தார். கண்ணாடி போட்டு மூடிய மண்டபம், நின்றுபோன இயந்திரம், அந்த நேரம் இங்கே கிடக்கப் போகும் வேறு பதினெட்டுப் பேர். அதையெல்லாம் சொல்லலாம்; சரியாகவும் இருக்கும். மாக்ரெட் கேட்டது இந்தப் பதினெட்டுப் பேரைப் பற்றி.

"அந்தப் பக்கம் பிடிங்க அக்கா," என்றார்.

மாக்ரெட் கால்மாட்டுக்குப் போய், சுற்றாத சக்கரத்தை நிலத்திலிருந்து தூக்கினார். இரண்டு பேருமாக ஆறாயியை ஜன்னலடிக்குத் தள்ளிவிட்டு அடுத்த கட்டிலுக்கு வந்தார்கள்.